சடையப்பனுக்கு வைத்த தேநீர்

ஜனவரி 12, 2025. கடலூர் முதுநகர்

இன்று பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களைவிடக் கல்யாண விஷயம் கேட்க வந்தவர்கள்தான் அதிகம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஒருத்தர், "சைனா டாக்டரம்மா, பொண்ணுக்குத் தாலியா மோதிரமா?" என்கிறார். தாலிதான் என்றேன். கூடவே எங்கள் தேநீர்ச் சடங்கும் உண்டு.

என் பெண் மெய்லினுக்குப் பார்த்திருக்கும், இல்லை, அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை அறிவழகன். சிதம்பரத்துப் பையன், தங்கமான பிள்ளை. அவன் அப்பா சடையப்பன்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். உரக்கடைக்காரர். "சைனாக்காரி எப்பிடிடா என் வூட்டு மருமவளா வருவா?" என்று கேட்டவர், ஒரு வருஷமாக மகனோடு பேசவில்லை.

நாலு தலைமுறையாக இந்த ஊர் உப்புக்காற்றில் கிடக்கிறோம். எனக்குக் கனவுகூடத் தமிழில்தான் வருகிறது. அந்த மனுஷனுக்கு இன்னும் என்ன வேணுமாம்?

ஜனவரி 29

எங்கள் சீனப் புத்தாண்டு. முழுக் கொடுவா மீனைத் தலையும் வாலுமாக இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்தேன். சாப்பிட நானும் மெய்லினும் மட்டும்தான். என் வீட்டுக்காரர் வெய்மிங் படத்துக்கு முன்னால் முதல் கோப்பைத் தேநீரை வைத்தேன். அவர் போன பிறகும் முதல் கோப்பை அவருக்குத்தான்.

மெய்லின் சாப்பிடாமல் மீனைக் கிளறிக்கொண்டிருந்தாள். "டீ சடங்க விட்டுடலாமாம்மா? நான் மண்டி போட்டு நீட்டுவேன், அவரு வாங்க மாட்டாரு. எல்லாரும் பாப்பாங்க" என்று அழுதாள்.

விடுவதா? மாமனார் மாமியார் கோப்பையை வாங்கிக் குடித்தால்தான் எங்களில் ஒருத்தி மருமகள். என் மாமியார் குடித்து முடிக்கும்வரை நான் மூச்சே விடவில்லை. தாலி மட்டும் கட்டிக்கொண்டு, பாதி மருமகளாக என் பெண் அந்த வீட்டுக்குப் போகமாட்டாள்.

பிப்ரவரி 4

அறிவழகனின் அம்மா தில்லையம்மாள் போன் செய்தார். அவர் நம் கட்சி. "மண்டபத்துக்கு வருவாரு சம்மந்தியம்மா. ஊரு பேசுமேன்னு வருவாரு. ஆனா மேடை ஏற மாட்டாராம்."

வரட்டும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எதைப் பார்த்துக்கொள்வேன்? தெரியவில்லை.

பிப்ரவரி 10. சிதம்பரம்

கன்னமெல்லாம் இன்னும் வலிக்கிறது. சிரித்துச் சிரித்துத்தான்.

காலையில் தாலி கட்டியாயிற்று. சடையப்பன் கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அட்சதைகூடப் போடவில்லை. அடுத்து எங்கள் சடங்கு. மேடையில் இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்றில் தில்லையம்மாள், இன்னொன்று காலி. மெய்லினும் அறிவழகனும் மண்டியிட்டார்கள். தில்லையம்மாள் வாங்கிக் குடித்து, அவள் தலையைத் தடவினார். இரண்டாவது கோப்பையோடு என் பெண் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் கோப்பை ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நாற்காலி மேலயே வெச்சுக் கும்புட்டுக்கோம்மா" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "செத்துப்போனவங்களுக்கு நாம அப்பிடித்தான வெப்போம். காலையில உங்கப்பாவுக்கு வெச்ச மாதிரி வெச்சிடு."

வேண்டுமென்றேதான் சொன்னேன்.

பின்னால் ஒரு நாற்காலி விழுந்தது. "எடும்மா அத. உசுரோட இருக்கறவனுக்கா படையல் போடுறீங்க?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சடையப்பன் விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார்.

"அப்ப உக்காந்து குடிங்க சம்மந்தி. ஆறிடப்போவுது" என்றேன்.

உட்கார்ந்தார். மெய்லினை அப்போதுதான் நேராகப் பார்த்தார். அவள் முகமெல்லாம் கண்ணீர். கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"மாமா, சூடு" என்றாள்.

"பரவால்ல. எழுந்திரும்மா, முட்டி நோவும்."

வெறும் கோப்பையை மகனிடம் நீட்டினார். "இதுல சக்கரை போட மாட்டாங்களாடா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு பிள்ளையிடம் பேசிய முதல் பேச்சு. அறிவழகன் குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்குப் பறை அடிக்கவேண்டும் போல் இருந்தது.

பிப்ரவரி 11

ஜெயித்தேன். இன்று யார் பல்லையும் பிடுங்கவில்லை.

ஏப்ரல் 4. முதுநகர்

எங்கள் ஆட்கள் கல்லறையைச் சுத்தம் செய்து கும்பிடும் நாள். துடைப்பமும் பிளாஸ்க்குமாகப் போனால், வெய்மிங் கல்லறைப் பக்கம் யாரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல் அறுத்துக்கொண்டிருக்கிறார். சடையப்பன். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"மருமவ சொல்லிச்சு. அது உண்டாயிருக்கறப்ப இந்த வெயில்ல குனிஞ்சு நிமுரக் கூடாதில்ல" என்றார், நிமிராமலே.

பிளாஸ்க்கைத் திறந்து முதல் கோப்பையை ஊற்றினேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முட்டி சொடுக்கென்று சத்தம் போட, கல்லறை முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை வைத்தார்.

"குடிங்க சம்மந்தி" என்றார்.