நழுவன் என்ன வகை

மார்ச் 4
எங்கள் சிறுவர் இதழுக்கு நானூறாவது வாரம் வருகிறது. படக்கதை நாயகன் நழுவனின் ஆளுமை வகை பற்றி நான்கு பக்கம் வேண்டும் என்கிறார் ஆசிரியர். பிள்ளைகள் இப்போது அதைத்தான் பேசுகிறார்களாம். முதல் வாரத்திலிருந்து அந்தப் பித்தலாட்டக்காரனை எழுதுகிறவள் நான். சரி என்றேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

மார்ச் 6
இந்த ஆளுமை வகைக் கணக்கில் மனச்செயல்கள் நான்கு: உள்ளுணர்வு, புலனறிவு, சிந்தனை, உணர்ச்சி. ஒவ்வொன்றும் வெளியே பார்க்கலாம், உள்ளேயும் பார்க்கலாம், ஆக எட்டு. எது தலைமை, எது துணை என்று தெரிந்தால் ஆள் பிடிபட்டுவிடுவான்.

பூட்டிய அறையைப் பார்த்ததும் நழுவனுக்குப் பத்து வழி தோன்றும். அது வெளிநோக்கிய உள்ளுணர்வு, தலைமை. பத்தில் ஓட்டையில்லாத ஒன்றைப் பொறுக்குவது உள்நோக்கிய சிந்தனை, துணை. சுலபமாக முடிந்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 7
ஒரு வரிகூட ஓடவில்லை. வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டி முடிக்கவே பொழுது போயிற்று. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம்.

மார்ச் 11
ஆதாரத்துக்காகப் பழைய இதழ்களைப் புரட்டினேன். முந்நூற்று நாற்பதாவது இதழ் வரை எல்லாம் பொருந்துகிறது. அப்புறம்? அதே கயிறு, அதே பொய்த்தாடி. பழைய தந்திரத்தையே தூசு தட்டி எடுக்கிறான். இது உள்நோக்கிய புலனறிவு — பழகியதையே பற்றிக்கொள்வது. அவன் வகைக்கு அது கடைசியில் கிடக்க வேண்டியது.

ஒரு கதையில் கதவு திறந்தே இருக்கிறது. ஓடாமல் உட்கார்ந்துவிடுகிறான். இதை நானா எழுதினேன்?

மார்ச் 12
நழுவனை வரைகிற ஓவியரிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "அவன் முகமே இப்ப கைக்கு வரமாட்டேங்குதுக்கா. சிரிக்க வைக்கலாம்னா கதையில இடமில்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்," என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டினேன். அப்புறம் திட்டவும் முடியல. திறந்த கதவுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறது அவனா? நான்தான். எழுந்திருக்கவே முடியல. இவர விட்டுட்டு எங்க போவேன்? போகணும்னு நெனச்சேனா? — தெரியல.

மார்ச் 15
உள்ளதை எழுதிக் கொடுத்தேன். முந்நூற்று நாற்பது வரை வருகிறவன் நழுவன். அதன் பிறகு வருவது அவன் இல்லை, அவனை எழுதுகிறவள். இனி ஓவியரே எழுதட்டும், எனக்கு வாசகர் கடிதங்கள் போதும் என்றும் சொன்னேன்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவன் உங்க புள்ள மாதிரியாச்சேம்மா."

அதனால்தான் என்றேன்.

மார்ச் 23
மதியம் தூங்கினேன். இரண்டு மணி நேரம்.

ஏப்ரல் 9
ஓவியர் எழுதிய முதல் கதை வந்திருக்கிறது. இவருக்கு வாசித்துக் காட்டினேன். கைதி இப்போது பூட்டை நெம்புவான், அடுத்து சுவரேறுவான் என்று நானே முந்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிக் கட்டத்தில் பார்த்தால், கைதியை உள்ளே தள்ளிப் பூட்டிய காவலர்தான் நழுவன். சாவிக்கொத்தோடு வாசல் வழியாகவே போய்விட்டான்.

இரண்டு பேரும் ஏமாந்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர் குழறலாக, "திரும்ப... முதல்லேருந்து," என்றார்.

வாசித்தேன்.