யாரும் பார்க்காத கால்

அன்புள்ள கிளாரி,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். இந்தக் கடற்கரையைக் காக்கும் ரேஞ்சர் பயிற்சி நன்றாகப் போகிறது.

இங்கே ஒரு சிக்கல்; கவலைப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். பன்றிகள் தின்றதுபோக மிஞ்சிய ஆமை முட்டைகளை இந்தப் பருவத்தில் யாரும் எடுக்கக் கூடாது என்று பரம்பரையாக இந்தக் கரைக்குரிய குடும்பம் சொல்லியிருக்கிறது. போன வாரம் யாரோ ஒரு முட்டைக் குழியைத் தோண்டிவிட்டார்கள். பக்கத்தில் வெறுங்கால் தடம். கையெழுத்தைப் பார்த்தே நான் மாணவன் பெயரைச் சொல்வேனே, அப்படி இந்த ஊர்க்காரர்களுக்குக் காலடி. ஆனால் அந்தத் தடம் யாருக்கும் தெரியவில்லை. என்னோடு பயிற்சி பெறும், மணலிலும் பூட்ஸைக் கழற்றாத டெஸ்மண்ட் மேல் எனக்குச் சந்தேகம்.

"பூட்ஸைக் கொஞ்சம் கழட்டேன் தம்பி" என்றேன்.

"என் தடம் ஊருக்கே தெரியும் டீச்சர். இங்க யாருமே பாக்காத காலு ஒங்களோடதுதான்."

எல்லாரும் என் பூட்ஸைப் பார்த்தார்கள். அம்மாவின் மண் என்றாலும் நான் இங்கே வளராதவள்தானே? கழற்றிவிட்டு அந்தத் தடத்தின் அருகிலேயே நடந்து காட்டினேன். குழுத்தலைவி ரோண்டா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தத் தடம் இது இல்லப்பா. இது வாத்து நடை."

டெஸ்மண்ட் சிரித்தான். தோண்டியது யாரென்று இன்னும் தெரியவில்லை; மற்றவர்கள் இன்னும் என்னை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

பாத வெடிப்புக்கு நீங்கள் போடும் அந்தக் களிம்பை அனுப்புங்கள். உங்கள் குரலைக் கேட்டும் நாளாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது. இப்போதெல்லாம் தினமும் வெறுங்காலோடுதான் கரையில் நடக்கிறேன். என் தடம் இவர்களுக்கு மனப்பாடம் ஆகட்டும்.

உங்கள்
மர்ட்டில்