முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு தாக்கல்

செவ்வாய்க்கிழமை மதியம், மோடம் கத்தி ஓய்ந்தபின் வந்து விழுந்த மின்னஞ்சல்களில் ஒன்று உன் பெயரோடு இருந்தது. திறந்தால், இயந்திரம் எழுதிய அறிவிப்பு. உன் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இனி இடமில்லை, அனுப்பிய கடிதத்தைத் திருப்பியிருக்கிறோம் என்று இரண்டு வரி. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு யார் எழுதுகிறார்கள் என்று கணினி மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சிங்காநல்லூர்ப் பக்கத்துக் கல்லூரியின் அந்த மையத்தில் நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மில் தொழிலாளியின் மகள், எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பவள். நீ தாராபுரத்துக்காரி, பேச அஞ்சாதவள். ஆறு மாதம் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றே பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் டிபன் டப்பாவிலிருந்த தக்காளிச் சோறு முழுவதையும் நீ தின்று முடித்துவிட்டு, "இதுக்கு மேல என்ன புள்ள மருவாதி" என்றாய்.

ஒரு பம்ப் பட்டறைக்காக நீரழுத்தத்தைக் கணக்கிடும் நிரல் எழுதினோமே, அதில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரே நிரல், ஒரே எண்கள். ஆனால் மையத்தின் இரண்டு கணினிகளும் இரண்டு விடை தந்தன. கேட்க ஊரில் ஆளில்லை. பதினோராம் நாள் நான் காகிதத்தில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது கணினி கடைசி இலக்கங்களைத் தொலைத்துவிடுகிறது. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாகத் தொலைக்கிறது. நீ என் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நம்மளாட்டம் ஒத்தையா முழிச்சுட்டு உக்காந்திருக்கறவங்க இன்னும் நாலு பேராச்சும் இருப்பாங்க புள்ள. அவிகளையெல்லாம் ஒரு எடத்துல சேத்துப்போடலாம்."

சேர்த்தோம். ஒரு கோப்பில் முகவரிகளை வரிசையாக அடித்து வைத்தோம். குழுவின் முகவரிக்கு ஒருவர் எழுதினால், கோப்பில் உள்ள எல்லோருக்கும் நகல் போகும். ஆய்வுக் கட்டுரைகளின் அடியில் கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் நீ அழைப்பு எழுதினாய். முதலில் ஐந்து பேர் வந்தார்கள். அப்போதுதான் அந்தக் கூத்தும் நடந்தது. கல்யாணப் பத்திரிகை என்றால் அழைப்பவர் பெயர் முதலில் வரோணுமல்ல என்று சொல்லி, குழுவின் சொந்த முகவரியையே கோப்பின் தலையில் சேர்த்துவிட்டாய். முதல் கடிதம் குழுவுக்குப் போய், குழுவிலிருந்து குழுவுக்கே திரும்பி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து பேருக்கும் நகல் அனுப்பிக்கொண்டே இருந்தது. கல்லூரிக்கு இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. ஆபீஸ் கிளார்க் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, போன எடுத்தா கீச்சு கீச்சுங்குது. பிரின்சிபால் காலைல இருந்து ஊட்டுக்குப் பேச முடியாம உக்காந்திருக்கறாருங்க."

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஊட்டுல நிம்மதியா இருப்பாங்க, உடுங்க" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

பிறகு மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரைதான் அஞ்சல் என்று உத்தரவு வந்தது. கேள்விகளும் வரத் தொடங்கின. விடையை நான் எழுதுவேன், அடியில் உன் பெயரைப் போட்டுக் குழுவின் கணக்கிலிருந்து அனுப்புவோம். அது என் ஏற்பாடு. முகம் தெரியாத இத்தனை பேர் முன்னால் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். "உன்ற பேருக்கு என்ன கொறச்சல்? ஒருக்காப் போட்டுத்தான் பாரேன்" என்பாய். அடுத்த தடவை என்பேன். குழு முப்பத்தெட்டுப் பேராக வளர்ந்தது. அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

மஞ்சள் காமாலை என்று லீவு போட்டாய். "பத்து நாள்ல வாரேன், கடையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் ஊருக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம், அவள் உண்டாக்கியது என்றேன்.

"அதுல எத்தன பேரு கண்ணு?"

"முப்பத்தெட்டுப் பேருங்கம்மா."

"அவிகளுக்கெல்லாம் தாக்கல் சொல்லியாச்சா?"

சாவுச் செய்தியை ஒருவருக்குச் சொல்லாமல் விட்டாலும் அது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய குறை என்று உனக்குத் தெரியும். "சொல்லியாச்சுங்கம்மா" என்றேன். பொய்.

திங்கட்கிழமை வந்தால் ஒரு கேள்வி காத்திருந்தது. விடை எழுதினேன். பழக்கத்தில் உன் பெயரை அடித்தேன், அனுப்பியும்விட்டேன். அது கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. அடியில் உன் பெயர் வந்து உட்காரும் அந்த ஒரு நொடிக்காகவே எழுதினேன். மூன்று மாதம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை உன் பெட்டியைத் திறந்தேன். உன் கடவுச்சொல்லை எனக்குத் தெரியாமல் நீ எப்போது வைத்திருந்தாய்? உள்ளே கேட்டு எழுதியவர்களும், நன்றி சொல்லித் தனியே எழுதியவர்களும். ஓர் ஆராய்ச்சி மாணவர், உங்களால் என் ஆய்வு பிழைத்தது, அடுத்த மாதம் கோயம்புத்தூர் வருகிறேன், உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபிறகு உட்கார முடியவில்லை.

புதன்கிழமை தாக்கல் சொன்னேன். நீ இறந்துவிட்டாய், மூன்று மாதம் ஆகிறது, அதன் பிறகு வந்த விடைகள் என்னுடையவை. நாலு வரிதான். அடியில் என் பெயர். பிறகு கோப்பைத் திறந்து உன் முகவரி இருந்த வரியை எடுத்தேன். ஒரு விசையை அழுத்துவதுதான் வேலை. மதியம் முழுக்க ஆயிற்று.

வியாழக்கிழமை இரங்கல்கள் வந்தன. அந்த மாணவர் ஒரே வரி எழுதியிருந்தார்: அப்படியானால் நான் நன்றி சொன்னது யாருக்கு? 'எனக்கு. மன்னியுங்கள்' என்று பதில் போட்டேன். அதன்பின் அவர் எழுதவில்லை. இன்னொருவர், என் கடிதத்தைப் பாதிதான் படித்திருப்பார் போல, குழுவுக்குப் புதிதாக வந்த என்னை வரவேற்றிருந்தார். இரண்டு வருடமாக அவருடைய கேள்விகளுக்கு விடை எழுதியவள் நான். இருந்தாலும் அவர் சொன்னதில் தப்பில்லை.

உன் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். எல்லோருக்கும் சொல்லியாச்சுங்கம்மா என்று, இந்த முறை உண்மையாக.

இன்று ஒரு கேள்வி வந்தது. எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. விடை தெரிந்தபோதெல்லாம் உன் பெயரைப் போட்டவள், 'எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதி என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அதைச் சொல்லவே உன் துணிச்சலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.