குருத்தில்லாத இலை

ஜூன் 3, செவ்வாய்

சாரல். இன்று சொல்லாதது: அந்த இலை என்னுடையது அல்ல.

ஆசிரியர் கல்லூரி விடுதியில் சகோதரிகள் சங்க வாக்கெடுப்பு. பதினைந்து உறுப்பினர். ரஜனியைச் சேர்க்கச் சம்மதமென்றால் நுனியில் விரியாத குருத்தோடு தேயிலைக் கொழுந்து. இல்லையென்றால் குருத்தில்லாத இலை. மூடிய கூடைக்குள் கைவிட்டுப் போட வேண்டும். குருத்தில்லாதது ஒன்று இருந்தாலும் சேர்க்கை இல்லை.

தலைவி திலகா அக்கா கூடையைக் கவிழ்த்தார். பதினான்கு கொழுந்து. ஒன்றில் குருத்தில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரஜனி என் அறையில் இருப்பவள், ஒரு வருடம் இளையவள். போன வாரம்தான் விளக்கை அணைப்பது பற்றிச் சண்டை.

சேர்ந்திருந்தால், பயிற்சிக்குத் தலவாக்கலைப் பள்ளிக்குப் போகும்போது அங்கே பழைய உறுப்பினர் வீட்டில் தங்கியிருப்பாள். இனி தினம் நான்கு பஸ்.

ஜூன் 4, புதன்

துணி காயவில்லை. சங்கத்தின் பழைய பதிவேடு படித்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்ததால், சாப்பாட்டறையில் ‘லயத்துப் பிள்ளைகள்’ என்று தனி மேசைக்கு ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு பேர் தொடங்கிய சங்கம். மூன்றாம் பக்கத்திலேயே அவர்களும் ஒருத்தியை ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம் எழுதவில்லை.

என் சந்தேகம் திலகா அக்கா மேல். கூடையைக் கவிழ்க்கும் முன்பே முகம் இறுகியிருந்தது.

ஜூன் 5, வியாழன்

வாங்க: சோப்பு, நீலப் பேனா.

ஷர்மி, ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவள், சங்கத்தில் புதியவள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னாள்:

“அன்னிக்கு லேட்டாகிருச்சுடி. கேட்டுப் பக்கத்துச் செடியில கைக்கு வந்தத ஒடிச்சிக்கிட்டு ஓடியாந்தேன்.”

“குருத்து இருந்துச்சா?”

“குருத்துன்னா?”

எங்கள் லயத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவளைத் திலகா அக்காவிடம் இழுத்துப் போனேன்.

“டவுனு புள்ளைக்குச் செடி தெரியாது. தேத்தண்ணி மட்டும் மூணு கப்பு” என்றார். சனிக்கிழமை மறு வாக்கெடுப்பு.

திலகா அக்காவைச் சந்தேகித்ததற்கு வெட்கம்.

ஜூன் 6, வெள்ளி

குளியலறை வரிசை. கதவுக்கு அந்தப் பக்கம் ரஜனியின் குரல், யாரிடமோ:

“ஷர்மி அக்கா பாவம்டி. எங்க ரூமு அக்காதான் அப்படிச் சொல்லச் சொல்லிருப்பாங்க. மாட்டிக்கிட்டாங்கல்ல. புத்தகம் படிக்கிறவங்களுக்குக் கத கட்டச் சொல்லியா குடுக்கணும்?”

குளிக்காமல் திரும்பினேன். சற்று நேரத்தில் அறைக்கு வந்தாள். “அக்கா, ரொம்ப நன்றிங்க” என்றாள். பரவாயில்லை என்றேன்.

ஜூன் 7, சனி

வெயில், நான்கு நாளுக்குப் பின். ஷர்மியைச் செடியருகில் நிறுத்திக் குருத்தைக் காட்டினேன். சரியாகவே பறித்தாள். பிறகு நானும் பறித்தேன்.

மறுபடி பதினான்கு கொழுந்து. ஒன்றில் குருத்தில்லை. இம்முறை என்னுடையது.

ரஜனி சேர்க்கப்படவில்லை. எல்லோரும் ஷர்மியைப் பார்த்தார்கள்.