தலையாட்டியும் தடுப்புச்சுவரும்

ஜூன் 3, செவ்வாய்

நகராட்சிக் கூட்டத்தில் இன்று என் அறிக்கையை வாசித்தேன். மேட்டில் இருக்கும் லாரி நிறுத்தத்தைத் தாங்கி நிற்கிற கல் சுவர் ஏன் சரியப்போகிறது என்பதற்கு முழுக் கணக்கு. மண்ணின் ஈரம், சரிவு, லாரிகளின் பாரம், கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்தின் வயது, ஒன்றையும் விடவில்லை. மண் பரிசோதனை என் தொழில். அதை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பாதியில் தலைவர் கொட்டாவி விட்டார். அந்த ஆளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மைக். கையில் ஒன்று கிடைத்துவிட்டால் விடமாட்டார். அடுத்தவர் கையில் இருந்தால் தூக்கம் வந்துவிடும்.

"இவ்வளவு நீளமா வேணாம் சார். மூணு பாயிண்ட்டா குடுங்க."

மூணு பாயிண்ட்! மளிகைக் கடைக்கா ஆள் அனுப்புகிறார்? நான் நாற்பது வருஷம் படித்ததை இவருக்கு ஊட்டிவிட வேண்டும், அதுவும் மசித்து. மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் எல்லாம் மூன்றாக வேண்டியிருக்கிறது.

ஜூன் 5

தங்கை வீட்டுக்குப் போனேன். அந்தச் சுவரின் அடியில்தான் வரிசையாக ஏழெட்டு வீடுகள், கடைசி வீடு அவளுடையது. முன்னறையில் தையல் மெஷின், பின்னால் சின்ன முற்றம், முற்றத்தை ஒட்டிச் சுவர்.

மாப்பிள்ளை பெருமையாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். "பாருங்க மச்சான், சுவத்துல இருந்த ஓட்டையெல்லாம் சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன். மழை பேஞ்சா அழுக்குத் தண்ணி ஊத்தும், காயப்போட்ட துணியெல்லாம் நாசம்." வரிசை முழுக்க எல்லோரும் அடைத்திருக்கிறார்களாம். இவர்தான் வழிகாட்டி.

வழிகாட்டியாம்! அந்த ஓட்டைகளே சுவரின் உயிர். பின்னால் தேங்குகிற தண்ணீர் வெளியேறத்தான் கட்டியவன் விட்டு வைத்தான்.

உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அடைப்பைப் பிடுங்கச் சொன்னேன், வீட்டைக் காலி செய்யச் சொன்னேன், நீரழுத்தம் எப்படி ஏறும் என்று படம் போட்டுக் காட்டினேன். மனிதர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற ஆள். எண்ணைப் பார்த்து எழுதுவதைத் தவிர மண்டைக்கு வேறு வேலை இருந்ததில்லை. கடைசியில் கேட்டது: "டீ போடட்டுமா மச்சான்?"

தலையாட்டி. இவனுக்கா என் தங்கையைக் கொடுத்தோம்?

அவளும் சளைத்தவள் இல்லை. "எப்ப விழும்ணா?" என்றாள். தேதி யாராலும் சொல்ல முடியாது, வாய்ப்பைத்தான் சொல்ல முடியும் என்று தொடங்கினேன். ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்தத் தெருவில்தான், எங்கே போவது என்கிறாள்.

ஜூன் 9

மூணுதானே வேண்டும்? அறிக்கையை மூன்றாக வெட்டிக் கொடுத்துவிட்டேன். வடிகால் பிரிவுக்கு ஒரு பங்கு, சாலைப் பிரிவுக்கு ஒரு பங்கு, கட்டடப் பிரிவுக்கு ஒரு பங்கு. அழகாக, சமமாக. இனி எந்த மடையனும் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஜூன் 16

மூன்று பதில்களும் வந்துவிட்டன. வடிகால் பிரிவு: எங்கள் சாக்கடை சரியாக ஓடுகிறது. சாலைப் பிரிவு: லாரி நிறுத்தத்தில் குழி எதுவும் இல்லை. கட்டடப் பிரிவு: சுவர் நிற்கிறது.

சுவர் நிற்கிறதாம். விழும்வரை எல்லாச் சுவரும் நிற்கத்தானடா செய்யும்! இந்தக் கூட்டத்துக்குச் சம்பளம் வேறு.

ஒருவனுக்கும் முழுச் சுவர் தெரியவில்லை. அவரவருக்கு வந்த துண்டில் அவரவர் மேசைதான் தெரிந்திருக்கிறது. துண்டு போட்டது யார் என்று மனம் ஒரு தரம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும், போ.

ஜூன் 17

தங்கை போன் செய்தாள். மேகம் கறுக்கிறதாம், பயமாக இருக்கிறதாம். நான் நீரழுத்தத்திலிருந்து தொடங்கினேன். குறுக்கே விழுந்தாள்.

"அண்ணா, அதெல்லாம் வேணாம். எதைப் பாத்தா நான் ஓடணும்? அதை மட்டும் சொல்லு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, உன் புருஷன் மண்டையிலும் ஏறுகிற மாதிரியே சொல்கிறேன், ஸ்பீக்கரில் போடு என்றேன். குழந்தைக்குச் சொல்வது போல, வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"தண்ணி, விரிசல், வயிறு. மூணே மூணு. மழை பேயும்போது சுவத்து ஓட்டையில தண்ணி வரணும். வரலைன்னா உள்ள தேங்குதுன்னு அர்த்தம். மேல லாரி நிக்கிற தரையில சுவத்தோட ஓரமா நீளமா விரிசல் விட்டா, மண்ணு நகருதுன்னு அர்த்தம். சுவரு நடுவுல வயிறு தள்ளினா, தாங்க முடியலன்னு அர்த்தம். ஒண்ணு நடந்தா எனக்கு போன் பண்ணு. ரெண்டு நடந்தா கிளம்பு. மூணாவதுக்குக் காத்திருக்காத."

அந்தப் பக்கம் தலையாட்டி வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்திருப்பான்.

வைத்தபின் எனக்கே கூச்சமாக இருந்தது. இதற்கா அத்தனை பக்கம் எழுதினேன்? மண்ணின் தன்மை எங்கே, கணக்கு எங்கே? கூட வேலை செய்கிற யாராவது கேட்டிருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஜூன் 21

மழை. மைக் வானொலியில் பேசுகிறார், எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்களாம்.

ஜூன் 24

சுவர் விழுந்துவிட்டது.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில். நான் அலுவலகத்தில் அறிக்கையின் பின்னிணைப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். யாரோ வந்து சொன்னார்கள். தங்கைக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. எடு தாயே, எடுடீ — எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தெருமுனையில் மண்ணும் கல்லும் குவியலாகக் கிடந்தன, அவள் வீட்டுக் கூரை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தாள். முழுசாக. கத்தரிக்கோல் மட்டும் கையில். போன் வீட்டோடு போய்விட்டது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 25

நடந்தது இதுதான். பதினேழாம் தேதியே மாப்பிள்ளை கடப்பாரையால் தன் வீட்டுப் பக்கத்து அடைப்பை உடைத்திருக்கிறார். நேற்று காலை கொட்டுகிற மழையில் போய்ப் பார்த்தால் ஓட்டையில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே மண் இறுகிக் கிடந்திருக்கிறது. ஒன்று. எனக்கு போன் போட்டிருக்கிறார், நான் மண் பரிசோதனை அறையில் இருந்தேன், போன் மேசையில் கிடந்தது, அழைப்பைக் கவனிக்கவே இல்லை. மேட்டில் ஏறியிருக்கிறார். லாரிகளுக்குக் கீழே கை நுழைகிற அகலத்துக்கு விரிசல். இரண்டு.

இறங்கி வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். தினமும் தட்டுகிற கதவுகள்தானே. அவர்களுக்கும் அதே மூன்றைச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கிளம்ப மறுத்து, பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து, வயிறு தள்ளியிருக்கு என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாராம்.

மைக் இன்று பேட்டி கொடுத்தார். தண்ணீர், விரிசல், வயிறு என்று விரல் விட்டு எண்ணினார், ஏதோ அவரே கண்டுபிடித்தது போல. எங்கே பொறுக்கினாரோ. வெட்கங்கெட்ட பிறவி.

ஜூலை 2

அவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பழைய மெஷின் ஒன்று வாங்கி முன்னறையில் போட்டாகிவிட்டது. காலை முதல் கடகடவென்று ஓடுகிறது, என் தலை வெடிக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன். அன்றைக்கு நான் ஒரு மணி நேரம் சொன்னபோது அடைப்பை ஏன் எடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினீர்களே?

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் புரியல மச்சான். புரியலன்னு சொன்னா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பீங்க. அதான் ஆட்டினேன்."

தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 11

நிவாரணக் கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதினேன். சுருக்கமாக. மாப்பிள்ளையை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். தலையாட்டவில்லை. "ரெண்டாவது பாயிண்ட் மண்டையில ஏறல மச்சான்" என்றார்.

அதை அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.