நடுவில் வரும் பந்து

அன்புள்ள அப்பாவுக்கு, பிம் கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மழை விட்டு ரப்பர் பால் வெட்டத் தொடங்கிவிட்டீர்களா?

என் புருவத்தில் கட்டுப் போட்டிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மா அழுதாராமே. சின்னத் தையல்தான். என் ஜோடி மாலிவன் அக்காவின் மட்டை பட்டுவிட்டது. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே வரும் பந்து யாருடையது என்பதுதான் எப்போதும் தகராறு. பதினெட்டு வருடம் ஆடி, எத்தனையோ பட்டம் வாங்கிய அக்கா, ஒவ்வொரு ஜோடியிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நடுவுல வர்றது என்னுது. விட்டா திட்டும் எனக்குத்தான். நீ பயப்படாம ஆடு." இறுதிப் போட்டியில் நான் மறந்துபோய்க் கை நீட்டிவிட்டேன். ரத்தத்தைத் துடைத்தபடி, "ஏண்டி, என் தட்டுலயே கை வைக்கிறியா?" என்று சிரித்தார்.

ஓய்வு பெறுவதற்கு முன் அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். வெற்றிப் புள்ளிக்கான பந்தும் நடுவில்தான் வந்தது. அக்கா சட்டென்று ஒதுங்கி, "உன்னுதுடி, அடி!" என்று கத்தினார். அடித்தேன், ஜெயித்தோம். நான் கும்பிடுவதற்குள் அவர் என்னைக் கும்பிட்டுவிட்டார். பெரியவர் சின்னவளை முதலில் கும்பிடுவது எங்காவது உண்டா அப்பா?

அறையில் அவர் கட்டில் காலியாகக் கிடக்கிறது. பாங்காக்கில் எல்லாக் குழம்பிலும் சர்க்கரை போடுகிறார்கள். அம்மா இடிக்கும் இறால் மிளகாய்ச் சாந்து கொஞ்சம் அனுப்புங்கள்.

இன்று புது ஜோடியோடு பயிற்சி. நடுவில் வந்த பந்துக்கு இருவருமே ஒதுங்கினோம். அது தரையில் விழுந்தது. அந்தப் பெண் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "நடுவுல வர்றது என்னுது" என்று சொல்லிவிட்டேன் அப்பா.

சாந்தைக் கூடுதலாகவே அனுப்புங்கள். அவளும் நம் தெற்குப் பக்கம்தான். விசில் ஊதுகிறார்கள், ஓடுகிறேன்.

பிம்