கையால் திருகிய மூலை

வெள்ளிக்கிழமை, இரவு

றக்வான தேயிலைத் தோட்டத்து பெக்டரிக்கு நான் செய்த சக்கர மேசையை இன்று கொடுத்துவிட்டேன். அலுமினியச் சட்டங்களைக் கட்டாகப் பஸ்ஸில் கொண்டுபோய் அங்கேயே பூட்டினேன். மூன்று மூலைகளை அலன் கீயால் இறுக்கியாயிற்று. நான்காவதில் போல்ட்டுகளைக் கையால் திருகி வைத்திருந்தபோது பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்துவிட்டார்.

"பத்தரைக்கு ராகு காலம் வருது. வாங்க, பூசைய முடிச்சிருவோம்."

சக்கரம் இருப்பதால் இதுவும் புது வண்டிதானாம். நாலு சக்கரத்துக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து, சூடம் காட்டி, தள்ளி நசுக்கினோம். மேசை ஆடவில்லை. பாரம் ஏற்றாத வெறும் மேசைதானே.

அதில் வேலை செய்யப்போகிற தேவகி அக்கா மட்டும் சட்டத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, பாக்கெட் ஒட்டுற மெஷின் பாரம் தாங்குங்களா?"

"ஆனையே ஏறலாங்க அக்கா."

சிரித்தார். நானும் சிரித்தேன். சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஓப்பநாயக்கவில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பையிலிருந்த அலன் கீ கையில் தட்டுப்பட்டது. அந்த மூலையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நாளைக் காலை ஏழு மணிக்கு மெஷினை ஏற்றுவார்கள். இரண்டு பேர் தூக்குகிற பாரம். தேவகி அக்காவின் ஸ்டூல் அந்த மூலைப் பக்கம்தான் கிடந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஏழுக்குள் போய்ச்சேர முடியாது. ஐயாவின் நம்பர் போனில் இருக்கிறது. இன்னும் ஆறு மேசை வேண்டுமென்று கேட்ட மனுஷனிடம் இறுக்க மறந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஐயாவுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்.